கட்டில் இல்லாத அறைப்படம்

என் பிரியத்துக்குரிய அண்ணா,

டிவிக்கு முன்னால் நீ கேட்ட எட்டடி இடம் உடனே கிடைக்கவில்லை. முதலில் ஐந்தடிதான். அதுவும் உன் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிய பிறகு.

நீ துபாயில் வாங்கி வைத்திருந்த வீடியோ கேம் பெட்டியை, உன்னோடு தங்கியிருந்த நண்பர் தருமபுரி வரை கொண்டுவந்து கொடுத்தார். உன் சட்டைகளையும் கொடுத்தார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே பள்ளிவாசலில் உனக்காகத் தொழுதார்கள், முன்னால் உடல் இல்லாமல்.

அம்மா நம்பவில்லை. பார்க்காத சாவை எப்படி நம்புவது? தினமும் உன் கட்டில் விரிப்பைத் தட்டிப் போடுகிறாள். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.

பெட்டியை டிவியில் மாட்ட மாமா வந்தார்.

"கட்டில வெளிய போட்டாதான் தள்ளி உக்காந்து ஆட முடியும்க்கா."

"அவன் வந்தா எங்கடா படுப்பான்?"

மாமா கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். அப்புறம், "சரிங்க மகாராணி. நான் சமையக்கட்டுல உக்காந்து ஆடிக்கறேன்" என்றார்.

பெட்டிக்கு அடியில் ஒரு தாள். நீ ஸ்கேல் வைத்து வரைந்த இந்த அறையின் படம். மூலையில் டிவி. எட்டடி தள்ளி, உனக்கும் எனக்கும் இரண்டு தலையணைகள். ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலி. பிளக் பாயின்ட்டைக்கூடக் குறித்திருந்தாய்.

அம்மா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அவன் கட்டில் எங்கடி?"

இல்லை. நீ வரையவில்லை. விளையாட இடம் வேண்டுமென்று எடுத்துவிட்டாயா? வந்தபின் தரையில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாயா? துபாயில் இருந்த மூன்று வருடத்தில், இங்கே எங்கே படுத்தாய் என்பதே மறந்துவிட்டதா?

"அவனே எடுத்துட்டான்" என்றாள் அம்மா. அழவில்லை. மாமாவிடம் திரும்பினாள். "ஏன்டா மரமாட்டம் நிக்கற? அந்தப் பக்கம் புடி."

கட்டில் வாசலைத் தாண்டியது. அறை பெரிதாகிவிட்டது. தாங்க முடியாத அளவுக்கு.

நம் டிவி கறுப்பு வெள்ளை. சாம்பல் சாலையில் ஒரு சாம்பல் கார். மூன்று முறை மோதினேன்.

"இதுக்கா இவ்வளவு எடம் கேட்டான்?" என்றாள் அம்மா. நான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்:

"அவன அடக்குன எடத்துல நெழல் இருக்குமாடி?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. இத்தனை நாளில் அவள் உன்னை அடக்கிய மண்ணைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. துபாய்க்குத் திரும்பிவிட்ட உன் நண்பருக்கு எழுதிக் கேட்கிறேன். அங்கே மரமே இல்லையென்று பதில் வந்தாலும், இருக்கிறதென்று அம்மாவிடம் பொய் சொல்லமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இதை எழுதி முடித்ததும், அவருக்கு அனுப்ப வெளிநாட்டுத் தபால் உறை வாங்கப் போஸ்டாபீசுக்கு நடப்பேன்.

உன் ஒரே தங்கை