முழங்காலை மடக்கும் முறை

பெப்ரவரி, ஞாயிறு இரவு

இன்று சிவம் அண்ணையைப் பார்க்க, மொன்றியலில் அவர் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதிக்குப் போனேன். கொரியாவில் பனியில் சறுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பெரிய மலை விடுதிக்கு அவரை அனுப்பியது என் பேச்சுத்தான். "உச்சியிலிருந்து வாறது சுகம் அண்ணை, முழங்காலை மடக்கினால் போதும்" என்று சொல்லியிருந்தேன்.

நான் அதற்கு முன் அங்கே வேலை விஷயமாகப் போனவன். உடுப்பையும் சறுக்குப் பலகைகளையும் வாடகைக்கு எடுத்து, கேபிள் காரில் உச்சிக்கு ஏறிப் படம் பிடித்தேன். நூடில்ஸ் சாப்பிட்டேன். அதே கேபிள் காரில் இறங்கி, பலகைகளை ஈரம் படாமல் திருப்பிக் கொடுத்தேன். படத்தை மட்டும் மொன்றியலில் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன்.

மாக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அண்ணைதான் என்னைத் தேற்றினார். "உம்மில பிழை இல்லை, தம்பி. நீர் சொன்ன மாதிரி நான் மடக்கேல்லைப் போல கிடக்கு."

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். "இந்த வயசில உங்களுக்கு உது தேவையோ? அடுத்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஓம். எப்பிடி மடக்கிறது எண்டு ஒருக்காக் காட்டும், பாப்பம்" என்றார் அண்ணை.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் இனி வராது. நான் எழுந்து கம்பளத்தின் நடுவில் நின்று, முழங்காலை மடக்கிக் காட்டினேன். அண்ணை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.