ஒரு போத்தல் பெற்றோலும் இரண்டு மூடை நெல்லும்

மாமி,

உங்கள் பேத்தி, என் மகள், புதிதாக வாங்கியிருக்கும் ஜப்பான் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வெளிச்சப் பலகை இருக்கிறது. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று ஓடும்போதே அது காட்டிக்கொண்டிருக்கும். நேற்று கடையில் ஒரு அரிசிப் பையை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு அந்தக் காரில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

“வாப்பா, நீங்க ஏறினதோட நம்பர் இறங்கிட்டு.”

“நானா, அரிசியா?”

“அரிசி அஞ்சு கிலோதானே வாப்பா.”

நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

உங்களோடு நேரே கதைத்துப் பழக்கமில்லாததால் இதை எழுதவும் கை கொஞ்சம் கூசுகிறது. நான் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து குடியேறிய காலத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது கல்முனைக்குடியில் வழக்கமில்லை. நீங்கள் அறைத் திரைக்குப் பின்னால் நின்று “அவருக்குச் சொல்லு புள்ள” என்று உங்கள் மகளிடம் தொடங்குவீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் அவள் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் கேட்டதாகக் கணக்கு. நானும் அவளிடம்தான் மறுமொழி சொல்வேன். இடையில் நின்றே அவளுக்குக் கால் வலித்திருக்கும்.

நான் பழைய இங்கிலீசுக் கார் ஒன்றை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினேன். பள்ளிக்கூடமும் நானும் எட்டாம் வகுப்பில் ஒருவரையொருவர் கைவிட்டோம். ஆனால் பெற்றோல் கணக்கில் என்னை ஒரு எஞ்சினியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினியரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். பெற்றோல் செட்டில் கலன் கணக்குப் போய் லீற்றர் கணக்கு வந்த நாளில் பலகையில் விலை நாலில் ஒரு பங்குக்கும் கீழே கிடந்தது. நான் சந்தோசத்தில் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெற்றோல் இறங்கிவிட்டது என்று உங்கள் மகளிடம் சத்தமாகச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

“அவருக்குச் சொல்லு புள்ள, விலை இறங்கல்ல. அளக்கிற கொத்துத்தான் சின்னதாகிரிக்கி.”

அன்று மீன் நல்லாயிருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அதன்பிறகு விலை ஏற ஏற நானும் கஞ்சனாகிப் போனேன். ஸ்பெயார் டயரைக் கழற்றி வீட்டில் வைத்தேன். இறங்கும் இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிட்டேன். காற்று எதிராக வீசினால் அந்த இடத்துக்கு வராமலே நிற்கும். சவாரிக்காரர் இறங்கித் தள்ள வேண்டி வரும். ஒரு மாதம் மண்ணெண்ணெயும் கலந்து பார்த்தேன். பின்னால் போன புகையில் சாய்ந்தமருதுக்காரர் எல்லாரும் இருமினார்கள். நீங்கள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு மகளிடம் கேட்டீர்கள்: “என்ன புள்ள, உன்ட மாப்பிள குப்பி லாம்புலயா ஊர்வலம் போறாரு?”

ஆனால் நமக்குள் இருந்த பெரிய வழக்கு பாரம்தான். சாகாமத்து வயலுக்கு அறுவடைக்காரருக்குச் சோறு கொண்டு போகும்போது நீங்கள் சோற்றுப் பானையோடு மட்டும் வந்ததில்லை. அயல் வீட்டுப் பிள்ளைகள், பாய், கோழி, யாருக்கோ கொடுக்க வேண்டிய தேங்காய் எல்லாம் ஏறும். பின் சில்லு மட்காட்டில் உரசும். பாரம் கூடினால் கார் பெற்றோலைக் கூடக் குடிக்கும், நிற்கும்போது எஞ்சின் ஓடினால் அதுவும் வீண் என்று உங்கள் மகளுக்குச் சொல்வதுபோல நான் உங்களுக்குப் பாடம் நடத்துவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மறுமொழிதான்.

“பாரம் ஏத்தினா மாடு இளைக்கும். இது இரும்பு. இரும்பு எங்க இளைக்கிற? கார் எப்படியும் போகத்தானே போகுது.”

உங்களுக்கு இது விளங்காது என்று நான் முடிவு கட்டினேன்.

பிறகு ஹயர் குறைந்தது. சவூதியிலிருந்து ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கல்முனையெல்லாம் ஒரே கதை. காரை விற்று ஏஜென்றுக்குக் கொடுத்துவிட்டுப் போவது என்று நினைத்தேன். அங்கே தண்ணீரை விடப் பெற்றோல் மலிவு என்றார்கள். உங்கள் மகள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தும் ஒன்றும் வரவில்லை. மாமா மலைநாட்டில் கடை வைத்திருந்ததும், வருடத்தில் இரண்டு பெருநாளைக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோனதும், உங்கள் பிள்ளைகள் அவரைக் கண்டால் விருந்தாளி வந்திருப்பதாக ஒளிந்துகொண்டதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் மௌனத்தை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வியாபாரி கார் பார்க்க வந்தார். கெட்டிக்கார மனிதர். “தம்பி, வாயால ஓட்டுற மைல் வேணாம், போத்தல் கட்டிப் பார்ப்பம்” என்றார். அந்தக் காலத்தில் கார் வாங்குகிறவர் எல்லாரும் செய்கிற சோதனைதான். பெற்றோல் தாங்கியின் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு போத்தலில் பெற்றோல் ஊற்றி எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். போத்தல் முடியும்போது கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். நிந்தவூர் தொட்டால் வாங்குவதாகச் சொன்னார். முதல் நாளே நான் தனியாகக் கட்டிப் பார்த்திருந்தேன். கார் நிந்தவூரைத் தாண்டிப் போயிருந்தது. அதனால் தைரியமாகத் தலையாட்டினேன்.

வியாபாரி முன் சீட்டில் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிலிருந்து குழாய் ஜன்னல் வழியாகப் பொனட்டுக்குள் போனது. ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றுவதுபோல இருந்தது. நான் எஞ்சினை எழுப்பினேன். அந்த நேரம்தான் நீங்கள் வெளியே வந்தீர்கள். உங்களோடு, ஊருக்குத் திரும்ப வேண்டிய உங்கள் நிந்தவூர்த் தங்கச்சி. உங்கள் இருவருக்கும் பின்னால் ஒரு கூலிக்காரன், தலையில் நெல் மூடை. அதை டிக்கியில் போட்டுவிட்டு உள்ளே போய் இன்னொன்று கொண்டு வந்தான்.

“நிந்தவூர் மில்லுல குத்தணும்” என்று தங்கச்சியிடம் சொன்னீர்கள். “கார் எப்படியும் போகத்தானே போகுது.”

நம்மட தெருவிலேயே மில் இருந்தது, மாமி. அதன் சத்தத்தில்தான் நாம் தினமும் தேத்தண்ணி குடித்தோம்.

நான் திகைத்துப்போய் வாசலைப் பார்த்தேன். இடையில் நின்று எடுத்துச் சொல்ல உங்கள் மகள் அங்கே இல்லை. மாமியிடம் நேரே “இறங்குங்க” என்று சொல்ல எனக்கு ஏது வாய்? வியாபாரியும் மரியாதைக்காரர். “பெரியவங்க ஏறட்டும், காரியமில்ல” என்றுவிட்டார். கார் முக்கிக்கொண்டு புறப்பட்டது.

சாய்ந்தமருதில் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டைக் கண்டதும் என் பிடரிக்குப் பின்னால் உங்கள் குரல். “இந்தக் கார் இதில கொஞ்சம் நிண்டா நல்லம்.” நீங்கள் கதைத்தது காரோடு. கார் என் காலுக்குக் கட்டுப்பட்டு நின்றது. நீங்கள் ஜன்னலால் தலையை நீட்டி அந்த வீட்டுக்காரியிடம் சுகம் விசாரித்தீர்கள். அவளுடைய பிள்ளைகள், ஆடு, முழங்கால் வலி என்று ஒன்றையும் விடவில்லை. எஞ்சினை நிறுத்தினால் வியாபாரிக்கு முன்னால் திரும்ப எழும்பாதோ என்ற பயத்தில் நான் நிறுத்தவும் இல்லை. போத்தலில் பெற்றோல் இறங்குவதை வியாபாரியும் நானும் பார்த்துக்கொண்டேயிருந்தோம். அவர் கை நோகிறதென்று மற்றக் கைக்குப் போத்தலை மாற்றினார்.

மாளிகைக்காட்டில் கார் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. நிந்தவூருக்கு முந்திய காரைதீவுகூட இன்னும் வரவில்லை. வியாபாரி வெறும் போத்தலை என் கையில் தந்தார்.

“தம்பி, இது பெற்றோலக் குடிக்கல்ல. குளிக்குது.”

சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார். நான் இறங்கி, பொனட்டைத் தூக்கி, தாங்கிக் குழாயைத் திரும்பப் பூட்டினேன். முகம் வியர்த்துக் கொட்டியது. கோபமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தபோது நீங்கள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். இந்த முறை தங்கச்சியிடமும் இல்லை, காரிடமும் இல்லை.

“மகன், காரத் திருப்புங்க. நெல்ல நம்மட மில்லுலயே குத்துவம்.”

“அப்ப நான் வீட்ட போறல்லியா?” என்று சின்ன மாமி கேட்டா.

“நீ நாளைக்குப் போகலாம், தங்கச்சி.”

இரும்பு இளைக்காது என்று அத்தனை வருடம் சாதித்த நீங்கள், எது எதனால் கார் இளைக்கும் என்று நான் நடத்திய பாடத்தில் ஒரு வரிகூட மறக்கவில்லை. “ஓம் மாமி” என்று மட்டும் சொன்னேன். உங்கள் முகத்துக்கு நேரே நான் சொன்னது அதுதான், அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் நீங்கள் மறுபடியும் திரைக்குப் பின்னால் நின்று, “அவருக்குச் சொல்லு புள்ள, தேத்தண்ணி ஆறுது” என்றீர்கள்.

அந்த வியாபாரி சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. வேறு யாரும் கார் கேட்டு வரவில்லை. ‘குளிக்கிற கார்க்காரன்’ என்ற பெயரோடு அதே காரை நான் ஓட்டிக்கொண்டேயிருந்தேன். பெற்றோலும் ஏறிக்கொண்டேயிருந்தது. தனி ஹயர் கிடைக்காத நாட்களில் அக்கரைப்பற்று வரை ஆளுக்கொரு காசு வாங்கி ஆட்களை நிரப்பி ஓட்டினேன். மட்காட்டில் சில்லு உரசினால் உரசட்டும் என்று விட்டுவிட்டேன். பேத்தி பிறந்தபோது அவள் காதில் முதல் சொல்லாகத் தொழுகைப் பாங்கு சொன்னது நான்தான். அவள் என்னைக் கண்டு ஒருநாளும் ஒளிந்ததில்லை. இப்போது என் எடையைச் சொல்லிக் காட்டுகிற அளவுக்கு என்னைப் பழகி வைத்திருக்கிறாள்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைப்பானாக. மாடி வீடு கட்டி வந்த என் வயதுக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள், நீ மட்டும் ஏன் சவூதிக்குப் போகவில்லை என்று. கார் விலைபோகவில்லை, பெற்றோலை அப்படிக் குடித்தது என்று சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். உங்களைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்லலாம். அது நல்லா ஓடுகிற கார், மாமி.