அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் நலம்தான், உன் அம்மாவுக்கு மட்டும் இடுப்பு வலி இன்னும் விடவில்லை. தம்பியை இனி நீங்கள் தூக்கக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டித்துச் சொல்லியும், நான் கடையிலிருந்து எழுந்து உள்ளே வருவதற்குள் அவளே அவனைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிவிடுகிறாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போனில் பேசினால் பக்கத்தில் நின்று அதைச் சொல்லாதீங்க, இதைச் சொல்லாதீங்க என்று ஜாடை காட்டுவாள், அதனால்தான் தையல் மெஷின் பலகையிலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு அரசு நிதி தாமதமாகிறது என்று போன முறை சொன்னேன், இப்போது வரவே வராது போலிருக்கிறது. பெருமூளை வாதத்தால் பேச்சு வராமலே வளர்ந்துவிட்டவர்கள் இந்த வயதுக்கு மேல் கண்ணால் எழுதிப் பேசப் பழக முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி இது. குழந்தைகளுக்கு என்றால் கேட்டதும் கொடுக்கிறார்கள், தாடி முளைத்தவனுக்கு என்றால் யோசிக்கிறார்கள் என்று நம் டாக்டரம்மா முதல் நாளே சொன்னாள் (ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவள், இருந்தாலும் உன் அம்மா அவளிடம் தன் இடுப்பைக் காட்டாமல் விடவில்லை). நிதி நின்றால் தம்பியின் நாற்காலியில் மாட்டியிருக்கிற மெஷினை, திரையில் அவன் கண் நிற்கிற எழுத்தையெல்லாம் கூட்டிக் குரலில் சொல்கிறதே அதை, கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாமே ஒன்று வாங்கிவிடலாமே என்கிறாய். அவன் கழுத்து இறுகுகிற விதத்துக்கெல்லாம் அதைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கொடுப்பது அவர்கள்தான், அவர்கள் இல்லையென்றால் அது வெறும் கண்ணாடிப் பலகை.

அது வந்த பிறகு இந்த வீட்டில் நடந்ததையெல்லாம் நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். அவன் கை மடங்காது என்று தோளில் திறக்கிற மாதிரி சட்டை தைத்துப் போடுகிறேன் அல்லவா, கட்டம் போட்ட துணிதான் அவனுக்கு உயிர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மெஷின் பழகிய கொஞ்ச நாளில் அவன் எழுதியது, கட்டம் வேண்டாம், எனக்குப் பிடிக்காது, என்றுமே பிடித்ததில்லை. உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கடைக்கு வந்து மிச்சத் துணியை மடித்து வைக்கும்போது எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

இப்போது நான் செய்து வைத்த காரியத்தைக் கேள். நிதி கொடுக்கிற குழு வீட்டுக்கே வந்து பார்த்தது. தலைவர் நல்ல மனுஷர், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பிக்கு நேராக உட்கார்ந்து, இந்த மெஷின் இல்லாமல் போனால் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று அவனிடமே கேட்டார். புது ஆட்கள் வந்தால் அவன் உடம்பு விறைத்துக்கொள்ளும், கண் எழுத்தில் நிற்காது, ஓர் எழுத்துக்கே பெரும்பாடாகிவிடும். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வந்தவர்களைச் சும்மா உட்கார வைத்துவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. கஷ்டம் என்ன சார், அவன் ஒரு பார்வை பார்த்தால் போதும், எனக்கு எல்லாம் புரிஞ்சிடும் என்று சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். கொடுத்து வைத்த பிள்ளை என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், எழுந்துவிட்டார்கள். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக் கிளம்பி, கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து மெஷின் குரல் வந்தது. அப்பாவுக்குப் பாதிதான் புரியும் என்றது.

பிறகு டாக்டரம்மா வந்து விவரம் சொன்னாள். வீட்டில் உள்ளவர்களுக்கே எல்லாம் புரிகிறது, பெரியவர்களுக்கு இது அவ்வளவு அவசியமில்லை, இந்தப் பணத்தைக் குழந்தைகளுக்கான ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று குழுவில் பேச்சாம். யார் பெற்ற பிள்ளையானால் என்ன, குழந்தைக்குக் கொடுக்காதே என்று நான் எந்த வாயால் சொல்வது? முடிவு எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கூட்டம் மிச்சம் இருக்கிறது. தம்பி அங்கே போய்த் தானே பேசலாம், பக்கத்தில் உட்கார வீட்டிலிருந்து ஒருவர் வரலாம். நீங்க மட்டும் வேண்டாம் ஐயா, கோவிச்சுக்காதீங்க என்று என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். உன் அம்மா போனால் அவன் முதல் எழுத்தைத் தேடும்போதே அழுதுவிடுவாள். வேறு யார் இருக்கிறார்கள்?

கூட்டம் அடுத்த மாதக் கடைசியில். உன் வேலை நிரந்தரமாவதற்கு முன் லீவு எடுத்தால் அதோடு போயிற்று என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால் நீ வர வேண்டாம், தம்பியும் அதைத்தான் சொல்கிறான், தைரியமாக இருக்கிறான் என்று எழுதினேன். இந்தப் பத்திக்கு மேல் அடித்துக் கிறுக்கியிருப்பது அந்த வரிதான். எழுதிவிட்டுப் பார்த்தால் அவன் எங்கே சொன்னான்? கேட்கவே இல்லையே. பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. நடுவில் இரண்டு தடவை வாய் துருதுருத்தது, அடக்கிக்கொண்டேன். அவன் எழுதி முடித்தான். அதில் ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா வரணும். பயமா இருக்கு.

அவன் முகத்தில் பசி தெரியும், வலி தெரியும், சிரிப்பு தெரியும். பயம் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை அம்மாடி. வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் வயிற்றுப் பிழைப்பு எனக்குத் தெரியும். இதை உனக்குச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் மறுபடியும் அவன் பேச்சை நான் விழுங்கினால் அப்புறம் அவன் எதற்கு எழுத வேண்டும்?

நீ எந்த முடிவு எடுத்தாலும் என்னிடமோ உன் அம்மாவிடமோ ஒரு கெட்ட வார்த்தை வராது. உனக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நீ நல்லா இருக்கணும். அலுவலகத்துக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இதற்குப் பதிலை எனக்குப் போடாதே, அவனுக்குப் போடு. போனில் பேசினால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேள், கேட்டுவிட்டுக் காத்திரு. நான் கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா