நாலு மணி நேரம் நீ உயிரோடு இருந்தாய்

என் செல்ல அக்காவுக்கு,

கிள்ளானில் இப்போது மழை. உன் மகள் ரேவதி என் வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே வேலை கிடைத்து வந்து மூன்று மாதமாகிறது. அதைச் சந்தோஷமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொள்கிறது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு வளர்ந்த நீ, திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அழுத என்னைத் திட்டினாய். "பிளேன்ல நாலு மணி நேரந்தான்டி. ஜொகூருக்கு பஸ்ல போறதும் அதே நேரந்தான். அங்க கடிகாரம் ரெண்டரை மணி பின்னால. ஒம்பதுக்கு ஏறினா பத்தரைக்கு இறங்கிடுவ!"

போன வருஷம் அந்த நாலு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது தெரியுமா?

"அண்ணிக்குக் கொஞ்சம் சீரியஸ். உடனே கிளம்பி வாங்க" என்று உன் கொழுந்தனார் போன் செய்தார். தீபாவளிக்கு உன்னிடம் வர எடுத்த விசா கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நீ உடுத்தப் பூப்போட்ட நைட்டி இரண்டு வாங்கினேன். இக்கான் பிலிஸ் ஒரு பொட்டலம் வறுத்தேன். அங்கே கிடைக்கும் நெத்திலியில் அந்த ருசி இல்லை என்பாயே. நெஞ்சுவலியை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று உன்னோடு போட வேண்டிய சண்டையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்டார்: "யாரப் பாக்க வந்திருக்கீங்க?"

"எங்க அக்காவ" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், அக்கா. நீ அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய்.

எந்த ஆஸ்பத்திரி என்று காரில் கேட்டதற்கு, "மொதல்ல வீட்டுக்குப் போயிடுவோம்" என்றார் கொழுந்தனார். தெருமுனை திரும்பியதும் பந்தல் தெரிந்தது. வறுத்த மீன் வாசத்தோடு சாவு வீட்டுக்குள் நுழைந்தேன்.

தூரத்தில் இருப்பவர்களிடம் சாவைச் சொல்லமாட்டார்கள், சீரியஸ் என்பார்கள். நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்! பிறகு எப்படி நம்பினேன்?

என் வீட்டுக்காரருக்கும் தெரியும். விமான நிலையம்வரை ஒரு மணி நேரம் கார் ஓட்டியவர் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து கேட்டேன்.

"தனியா போற ஆளு. அழுதுகிட்டே எப்படி அவ்வளவு நேரம் உக்காந்திருப்ப? பாவம்னுதான்லா சொல்லல."

"எங்க அக்காவுக்காக அழ எனக்கு நாலு மணி நேரம் இருந்துச்சு. அத நீங்க எல்லாரும் பிடுங்கிட்டீங்க" என்றேன்.

இப்போது அத்தானுக்கு உடம்பு சரியில்லை. நேற்று உன் கொழுந்தனார் மறுபடி போன் செய்தார்.

"ஏதாச்சும்னா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம். ரேவதிகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லி ஏத்தி விட்டுடுங்க."

மனிதர் உயிரோடு இருக்கும்போதே பொய் தயார்!

"முடியாது" என்றேன்.

"பச்சப்புள்ளம்மா, தாங்குவாளா?"

"இருபத்தாறு வயசு. தாங்குவா."

உன் மகளைச் சிரித்த முகத்தோடு சாவு வீட்டுக்கு அனுப்பமாட்டேன், இது சத்தியம். அதற்காகக் காத்திருக்கவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை நானும் அவளும் கிளம்புகிறோம். அப்பா பேசும்போதே அவள் போய்ப் பார்க்கட்டும். இக்கான் பிலிஸ் வறுத்து வைத்துவிட்டேன். இந்த முறை சாப்பிட ஆள் இருக்கிறது.

கோபம் தீராத,
உன் தங்கச்சி