பத்தாயிரத்து ஒன்று

ஜூன் 4, ஞாயிறு

கத்திரி முடிந்துவிட்டதாம். யார் சொன்னது? முதுகில் துணி ஒட்டிக்கொள்கிறது.

சாயங்காலம் அண்ணன் கடைக்குப் போனேன். புடவை வாங்க இல்லை, என் கிரெடிட் கார்டைத் தேய்க்க. புடவை ஒன்றும் அலமாரியை விட்டு இறங்காது. பில் மட்டும் போடுவான். மெஷினுக்கு என்று பேங்க் பிடித்துக்கொள்ளும் நூற்றுக்கு இரண்டு போக மீதியை என் கையில் கொடுப்பான். கெடு வந்ததும் அதே பணத்தோடு குறைகிறதையும் போட்டுக் கார்டுக்குக் கட்டிவிடுவேன். வருஷத்தில் இரண்டு லட்சம் செலவு காட்டினால் தங்கக் கார்டு. அது இருந்தால் அதே பேங்கில் வீட்டுக் கடன் சுலபம், கட்டணமும் குறைவு. களம்பூர் ரோட்டு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, கடனுக்கு மனுவும் போட்டாகிவிட்டது. ஜூலைக்குள் கடன் வராவிட்டால் அந்த அட்வான்ஸுக்கு ஒரு கும்பிடு.

அண்ணன் பத்தாயிரம் என்று அழுத்தப் போனான். மொட்டையாகப் போடாதே, ஒண்ணு சேர்த்துக்கோ என்றேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நல்ல காரியத்துக்கு யாராவது மொட்டைத் தொகை போடுவார்களா?

அண்ணி கல்லாவில். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "மெஷின் பேப்பர் சுருள் தீந்துகினே இருக்குது" என்றாள். யாருக்குச் சொன்னாளோ.

வாங்க: துவரம்பருப்பு, துணி சோப்பு, அவருக்குச் செருப்பு.

ஜூன் 7, புதன்

கூரியரில் பேங்க் கடிதம். என் கார்டின் 'பயன்பாடு பரிசீலனையில்' இருக்கிறதாம், அதுவரை கார்டு நிறுத்தம். திருப்தி இல்லை என்றால் கணக்கையே மூடிவிடுவார்களாம்.

போன் செய்தேன். பாட்டு, பாட்டு, பிறகு ஒரு பெண். வீட்டுக் கடன் மனு என்ன ஆகும் என்று கேட்டேன். அது வேற டிபார்ட்மென்ட் என்றாள். கார்டை மூடினா ரெகார்டுல வரும் மேடம் என்றும் சொன்னாள். இனிப்பாகத்தான் சொன்னாள்.

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடக் கெடு தவறியதில்லை. பிறகு எப்படி?

வீட்டுக்காரர் ரைஸ் மில்லிலிருந்து வந்ததும் காட்டினேன். படித்துவிட்டுத் தவிடு படிந்த தலையைத் தட்டிக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். அவரா? சேச்சே. ஆனாலும் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இது பிடிக்கவில்லை.

கூரியர்காரன் கவரைக் கொடுத்தபோது சிரித்தான். கவர் ஓரம் பிரித்து ஒட்டியது போல இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

ஆபீஸ். உமா மேல் கண். பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. போன மாசம் "கார்டுல பாயிண்ட் எப்டிக்கா இவ்ளோ ஏறுது?" என்று நோண்டியவள். இன்று காலை வந்ததும் வராததுமாக "லெட்டர் வந்துச்சாக்கா?" என்றாள். எந்த லெட்டர் என்றேன். புத்தகக் கம்பெனி லெட்டராம். நம்பவில்லை. மத்தியானம் அந்த லெட்டர் நிஜமாகவே வந்தது.

சரி, உமா இல்லை.

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனையோடு சரி. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 11, ஞாயிறு

யோசித்து யோசித்துத் தலைவலி. எப்படிச் சுற்றினாலும் அண்ணியிடமே வந்து நிற்கிறது. கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லையும் பார்த்தவள் அவள். போன வாரம் அவள் முகம். அந்தப் பேப்பர் சுருள் பேச்சு. நான் வீடு கட்டிவிடுவேன் என்று வயிற்றெரிச்சல். அவர்களுக்கு இன்னும் வாடகை வீடுதானே.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மனசில் வைத்திருக்க முடியவில்லை. அவன் நேராக உள்ளே போய்க் கத்தினான். நான் கடையிலேயே நின்றேன். அண்ணி ஒரு பையோடு வந்தாள், என்னைத் தாண்டி நடந்தாள். பெரணமல்லூர் பஸ் ஏறிவிட்டாளாம், அம்மா வீட்டுக்கு.

குற்றம் இல்லாதவள் ஏன் போக வேண்டும்? நான்தான் சரி.

தூக்கம் வரவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

பேங்கிலிருந்து ஆள் வந்துவிட்டார். போளூர்க்காரர், பைக்கில், சட்டையெல்லாம் வியர்வை. வாங்கிய புடவைகளைப் பார்க்க வேண்டுமாம்.

வருவார் என்று நேற்றே போனில் சொல்லியிருந்தார்கள். விலைச்சீட்டு அறுத்து எட்டுப் புடவை அண்ணன் அனுப்பியிருந்தான். என் கல்யாணப் புடவை இரண்டு. பத்தையும் கட்டிலில் பரப்பினேன். அண்ணன் அனுப்பிய எட்டும் கட்டாத மடிப்பு. கடை வாசனை வேறு. அவர் தொடக்கூட இல்லை. மோர் கொடுத்தேன், குடித்தார். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது புடவை வெல மாதிரி இல்ல மேடம். மொய் நோட்டு மாதிரி இருக்குது."

புரியவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். பத்தாயிரத்து ஒன்று. பன்னிரண்டாயிரத்து ஒன்று. எட்டாயிரத்து ஒன்று. மேலிருந்து கீழ்வரை ஒரே கடை, எல்லாம் ஒன்றில் முடிகிறது.

யாராவது புகார் கொடுத்தார்களா சார் என்று கேட்டேன். அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. சென்னையில கம்ப்யூட்டரே தனியா எடுத்து வெச்சிட்டுது. எங்க ஊர்லயும் ஒண்ணு வெச்சுத்தான் குடுப்போம். கல்யாணத்துக்கு."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். புடவைகளை மடிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தானே ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

ஒண்ணு சேர்த்துக்கோ, ஒண்ணு சேர்த்துக்கோ. என் வாய்தான்.

ஜூன் 16, வெள்ளி

கடிதம். கார்டுக் கணக்கு மூடப்பட்டது. பாயிண்ட் எல்லாம் ரத்து. பாயிண்டில் வாங்க நினைத்திருந்த மிக்ஸி போச்சு. அது கிடக்கட்டும், வீட்டுக் கடன் மனுவும் திரும்பி வந்துவிட்டது. காரணம் எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன?

அண்ணன் கடை மெஷினையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்த கல்யாணப் பார்ட்டி கார்டு எடுக்கமாட்டீங்களா என்று எழுந்து போனதாம். அதை அண்ணன் போனில் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. இதற்குத் திட்டியிருக்கலாம்.

மனைக்காரர் அட்வான்ஸில் பாதி தருகிறேன் என்கிறார். அதுவும் வேறு ஆள் வந்தால்.

ஜூன் 18, ஞாயிறு

பெரணமல்லூர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கால் வலி.

அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை அண்ணி, அந்த ஒரு ரூபாய்தான் காட்டிக் கொடுத்தது, உன்மேல் அபாண்டமாகச் சொல்லிவிட்டேன் என்றேன். வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனது வேறு, வந்தது இவ்வளவுதான்.

முறத்தைத் தட்டிவிட்டுக் கீழே வைத்தாள்.

"சந்தேகம் வந்தா எங்கிட்டயே வந்து கேட்டிருக்கலாம் இல்ல? அவர்கிட்ட போய் சொன்ன பாரு, அதான் தாங்கல."

பிறகு மனை இன்னா ஆச்சு என்று அவளே கேட்டாள். போச்சு என்றதும் அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சாதம் போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு. சாப்பிட்டேன். கூட வருகிறாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

ஜூன் 21, புதன்

காலையில் உமா தம்பி கல்யாணம். ஜவுளி அண்ணன் கடையில் எடுத்ததால் அவர்களுக்கும் அழைப்பு. ஆபீஸில் அரை நாள் லீவு.

அண்ணி நேற்றே வந்துவிட்டாளாம். அண்ணன் சொல்லவில்லை. மண்டபத்து வாசலில்தான் பார்த்தேன். கடையிலேயே நல்ல அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். ஏன் எனக்குச் சொல்லாமல் வந்தாள் என்று ஒரு நிமிஷம் ஓடியது. சீ, இந்தப் புத்தி போகாது.

மொய் எழுதும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். நான் கவரில் நூறு ரூபாய் வைத்தேன். பர்ஸில் ஒரு ரூபாய்க் காசு இருந்தது. எடுக்கவில்லை. கவரை ஒட்டப் போனேன்.

அண்ணி கவரை வாங்கினாள். தன் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து உள்ளே போட்டாள்.

"இதுக்குப் போடலாம்" என்றாள்.