வெள்ள ஆண்டின் அபராதத்தை வங்கியின் தர்மமாக எழுதியது பற்றி

அனுப்புநர்:
தார்மிஸி பின் எம்போங்,
உதவி மேலாளர், சமூகநல அறிக்கைப் பிரிவு,
சினார் பந்தாய் இஸ்லாமிய வங்கி,
கோலா திரங்கானு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இஸ்லாமிய வங்கிகள் மேற்பார்வைப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: எங்கள் வங்கியின் ஆண்டறிக்கையில் உள்ள பொய் குறித்தும், அதை எழுதிய என்மீதும் புகார்.

மதிப்புமிக்க ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

1. புகார் எழுதுகிறவர்கள் வழக்கமாக அடுத்தவரைத்தான் கைகாட்டுவார்கள். இந்த மனுவில் முதல் எதிராளி நானே.

2. தவணை தவறியவர்களிடம் நாங்கள் வாங்கும் அபராதம் வங்கிக்குச் சொந்தமல்ல, முழுவதும் தர்மத்துக்குப் போக வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. அதில் ஒரு சென் காசும் எங்கள் வருமானத்தில் சேரவில்லை. காசை விட்டுவிட்டோம், பெயரை எடுத்துக்கொண்டோம். கடந்த இரண்டு ஆண்டறிக்கைகளிலும் அந்தத் தொகையை ‘வங்கி தன் லாபத்திலிருந்து வழங்கிய நன்கொடை’ என்று எழுதியவன் நான்.

3. பக்கத்தில் ஒரு வரைபடமும் போட்டேன். நன்கொடையும் ஏறுகிறது, லாபமும் ஏறுகிறது. நல்லது செய்கிற வங்கி நன்றாகவும் சம்பாதிக்கிறது என்று முதலீட்டாளர்கள் மகிழ்ந்தார்கள், விருதும் கிடைத்தது. எங்கள் கணக்குப்படி, வெள்ளம் வந்த ஆண்டில்தான் வங்கி மிக அதிகமாக நன்மை செய்திருக்கிறது. அந்த ஆண்டு ஆற்றோரம் முழுக்கத் தவணை தவறியிருந்தது.

4. இதோடு நின்றிருந்தால் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முன்பெல்லாம் மழைக்கால மூன்று மாதங்களுக்கு ஆற்றோரக் கிராமங்களில் அபராதம் கிடையாது. சென்ற ஆண்டு இந்தச் சலுகையைத் தொடரலாமா என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். ‘தொடர்ந்தால் நன்கொடைத் தொகை குறையும், நம் சமூகநலத் தரமதிப்பீடு இறங்கும்’ என்று எழுதிக் கொடுத்தேன். சலுகை நின்றது, அந்த மழைக்காலத்தில்தான் வெள்ளமும் வந்தது. பிறகு மனது கேட்காமல் மேலாளர் என்சிக் ரிட்ஸுவானிடம் போனேன். “காசு நல்ல காரியத்துக்குத்தானே போவுது? பேரு யாரோடதா இருந்தா உனக்கென்ன? போய் வேலையப் பாரு” என்றார். அந்தப் பதில் எனக்கும் அப்போது வசதியாகவே இருந்தது.

5. சென்ற மாதம் கம்போங் பாயா ரம்பாய் பள்ளிவாசலில், எங்கள் பெயர்ப்பலகையோடு நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுக்கப் போனேன். மீன்மாவை உருட்டிப் பொரித்து வேனில் விற்கும் மக்சிக் கல்சோம் என்ற அம்மா அங்கே இருந்தார். அந்த வேன் எங்கள் வங்கி தவணையில் வாங்கிக் கொடுத்தது. என்னை உட்காரவைத்து ஒரு தட்டு பொரித்துத் தந்தார், காசு வாங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரெண்டு மாசம் வேன் தண்ணியிலயே நின்னுச்சு தம்பி. பைன் கட்டியே ஓஞ்சு போனேன். இந்த மழைக்கும் அப்படி ஆச்சுன்னா வேனை நீங்களே ஓட்டிட்டுப் போங்க, வியாபாரமும் நீங்களே பாருங்க. ஆனா உங்க பேங்க்குக்குப் பெரிய மனசுப்பா. இந்தத் தண்ணி இல்லன்னா சேத்தைத்தான் குடிச்சிருப்போம். உங்களுக்காக தினமும் துஆ செய்யறேன். இரு, படத்துல நானும் நிக்கறேன், முக்காட்டைச் சரி பண்ணிக்கறேன்.”

6. அவரைப் போன்றவர்கள் கட்டிய அபராதத்தில்தான் அந்தத் தொட்டி வந்தது, ஐயா. சொல்ல வேண்டியவன், வாய் நிறைய அவர் கொடுத்ததை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து தொழுகையில் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது. அவருடைய துஆவை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை, திருப்பிக் கொடுக்க வழியும் தெரியவில்லை.

7. நவம்பரில் மழை தொடங்கிவிடும். அதற்குள் மழைக்காலச் சலுகையை மீண்டும் கொடுக்குமாறு எங்கள் வங்கிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். மக்சிக் கல்சோமின் வேன் தப்ப வேறு வழியில்லை. இரண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். தொட்டியிலிருந்து எங்கள் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும். தொட்டியில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் நன்றாக இருக்கிறது, நானும் குடித்தேன்.

8. என் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் கைப்பட எழுதிய கருத்துக் குறிப்பை இணைத்துள்ளேன்.

கோலா திரங்கானு,
2 அக்டோபர் 2023

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தார்மிஸி பின் எம்போங்

நகல்: கல்சோம் பிந்தி யூசோ, கம்போங் பாயா ரம்பாய். தபாலில் அல்ல, நானே கொண்டுபோய், உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.