ஃபேன் சுற்றினால் மட்டும் எரியும் விளக்கு

இன்று காலை மண்ணூர்பேட்டை சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐ.டி. கம்பெனிக்காரர், "சார், உங்க விளக்கு எரியுது. ஃபேன் ஓடுதுன்னு அர்த்தம், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். 'உங்க விளக்கு' என்று அவர் சொன்னதைத் திருத்தவில்லை. நீ போய் இரண்டு வருடமாகிறது, இன்னும் நான் திருத்தவில்லை.

வண்டி என்னுடையது, விளக்கு உன்னுடையது. இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. அப்பா விட்டுப்போன பழைய ஹெரால்டு கார் அது. உனக்குக் கார் கிடையாது, வாங்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. ஒரே மொபெட்டில் முப்பது வருடம் பாக்டரிக்கு வந்துபோனாய். நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மெயின்டனன்ஸ் செக்‌ஷன். மெஷின் நின்றால் முதலில் ஓடுகிறவன் நான். அது மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பவன் நீ. எனக்குப் பொறாமை. உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒயரிங்கில் நான் ஒன்றும் குறைந்தவன் இல்லை. எங்கே ஒயர் இழுத்தாலும் ஒரு முழம் கூடுதலாக விட்டு, மடித்துக் கட்டி வைப்பேன். பின்னால் எது அறுந்தாலும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உனக்கு அது கேலி. "இன்னா மச்சான், ஒயருக்கு கோமணம் கட்டி தொங்க வுட்டுகினு கீற" என்பாய். செக்‌ஷனே சிரிக்கும்.

இன்ஜின் சூட்டைத் தணிக்க ஹெரால்டுக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டியதும் நான்தான். பெல்ட்டில் ஓடும் பழைய ஃபேன், இன்ஜின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகச் சுற்றும். நம்மூர் டிராஃபிக்குக்கு அது போதாது. அதைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்தினேன். தண்ணீர் சூடேறினால் ரேடியேட்டரில் உள்ள சுவிட்ச் ரிலேயைத் தட்டும். ரிலே ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும். ரிலேயைத் தட்டுகிற ஒயரிலிருந்தே ஒரு கிளை இழுத்து, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வைத்தேன். ரிலேயிலிருந்து ஃபேனுக்கு நல்ல தடிமனில் மஞ்சள் ஒயர், நடுவில் வழக்கம்போல ஒரு முழம் மடிப்பு. நீ வந்து பானெட்டுக்குள் குனிந்து, மடிப்பைத் தட்டிப் பார்த்து, "ஷோக்கா கீது" என்றாய். விளக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் மகளின் கல்யாண வரவேற்பு பூந்தமல்லியில். பருத்திப்பட்டிலிருந்து அவளை ஹெரால்டில்தான் அழைத்துப் போவேன் என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மாலை நாலரை மணிக்குக் கரையான்சாவடிக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. டெம்பரேச்சர் மீட்டரின் ஊசி எந்தக் காலத்திலோ செத்துப்போனது, அதனால் எனக்கு விளக்குதான் எல்லாம். "அப்பா, புகை வருதுப்பா" என்று மகள் சொன்னபோதுகூட, "ஃபேன் ஓடுதும்மா, பாரு" என்று விளக்கைக் காட்டினேன். அடுத்த நிமிடம் ரேடியேட்டர் மூடி வழியாக நீராவி சீறியது.

பட்டுப்புடவையோடு அவள் ஜூஸ் கடை வாசலில் நின்றாள். பின்னாலேயே மொபெட்டில் வந்த நீ, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தாய். ஃபேன் பக்கத்து சாக்கெட் உருகிக் கழன்று கிடந்தது. ஃபேன் எப்போதோ நின்றுவிட்டது. ரிலே தட்டினால் எரிகிற விளக்குக்கு அது எப்படித் தெரியும்? நீ பாட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராக ஒயர் கொடுத்தாய். சூடு தணியும்வரை காத்திருந்து கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி ஊற்றினாய். என் மைத்துனர் வந்து, இந்த ஃபேன் வேலை செய்தது யார் என்று கேட்டார். "தண்ணி ஓஸ் பூட்ச்சி அண்ணாத்தே, பழைய வண்டி, வேற இன்னா" என்றாய். என் மானத்தைக் காப்பாற்றினாய். அதற்காக உன்னை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

கல்யாண வீடியோவில் கிரீஸ் வேட்டியோடு நீ மேடை ஏறும் இடம் வரும். அங்கே என் மகள் சிரிக்கிற சிரிப்பு, நான் பக்கத்தில் நிற்கும் எந்த இடத்திலும் இல்லை. அந்த இடம் வந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் எழுந்து போய்விடுவேன்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாய். உள்ளே ரீட் சுவிட்ச், தீக்குச்சி அளவுக் கண்ணாடிக் குழாய். அதற்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். பாக்டரியில் ஏர் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்க நாம் தினமும் கையாண்டதுதான், காரில் வைக்க எனக்குத் தோன்றவில்லை. ஃபேனுக்குப் போகும் ஒயரை அதன்மேல் சுற்றினால், கரண்ட் ஓடும்போது அந்தச் சுற்றே காந்தமாகும், தகடுகள் ஒட்டி விளக்கு எரியும். கரண்ட் ஓடாவிட்டால் எரியாது. "வெளக்கு எரியுதுன்னா நீ ஆர்டர் போட்டுட்டேன்னுதான் அர்த்தம் மச்சான். வேல நடந்துச்சான்னு அதுக்கு இன்னா தெரியும்?" என்றாய். நான் டீ போடச் சொல்கிறேன் என்று உள்ளே போய், டீ வந்த பிறகும் வெளியே வரவில்லை. திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ரிலே பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு உருண்டை. இரண்டு பக்கமும் ஒயரை மூடிய கறுப்பு ஸ்லீவ். என் மடிப்பைக் காணோம். வெட்டி எறிந்துவிட்டாய் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எப்படிச் சுற்றினாய் என்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு பழைய கார்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில் கூடினோம். அங்கேதான் இந்த ஐ.டி. கம்பெனிக்காரர் அறிமுகமானார். தாத்தாவின் அம்பாசிடரை வைத்திருப்பவர். விளக்கைப் பார்த்துவிட்டு, "யார் சார் பண்ணது?" என்றார். நீ என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாய். நான், "நான்தான்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நீ சாவகாசமாகச் சொன்னாய்: "ஆமா சார், அவுரு ஒயர் வேல தனியா தெரியும்." எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று அவர் கேட்டார். ஆகட்டும் என்றேன். அவ்வளவு பெரிய பொய்யை நீ இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தது, பொய்யைவிட அதிகமாக என்னை உறுத்தியது.

பிறகு உன் மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலில் என் மகள் அழுததைப் பார்த்து, எனக்கும் இப்படி அழுவாளா என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐ.டி.காரர் மரியாதையாக நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். நானும் முயன்றேன். தடித்த ஒயரை இறுக்கிச் சுற்றினால் கண்ணாடி நொறுங்குகிறது. தளரச் சுற்றினால் விளக்கு எரியவில்லை. மூன்று குழாய் உடைத்தேன். இன்று காலை என்னோடு ஒரு ரவுண்டு வந்துவிட்டு, "அடுத்த வாரம் எனக்கும் மாட்டிடலாமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் பானெட்டைத் திறந்து, உன் டேப்பைப் பிரித்தேன். உள்ளே பால்பாயின்ட் பேனாவின் காலிக் குழல். அதன்மேல்தான் ஒயரைச் சுற்றியிருக்கிறாய், கண்ணாடி பத்திரமாகக் குழலுக்குள் இருக்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம். ஸ்லீவைத் தள்ளினேன். மஞ்சள் ஒயர். ஒரு வெட்டு இல்லை, ஒரு ஜாயின்ட் இல்லை. என் கோமணத்தைப் பிரித்து, அந்த ஒரு முழத்தையே ஏழு சுற்றாகச் சுற்றியிருக்கிறாய். நான் கூடுதலாக விடாமல் இருந்திருந்தால் உனக்குச் சுற்ற ஒயரே இருந்திருக்காது. வேலப்பன்சாவடியில் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று நீ எனக்காக விட்டுக்கொடுத்தாயா, உள்ளதைச் சொன்னாயா, தெரியவில்லை. எதுவானாலும் நீயே ஜெயிக்கிறாய்.

ஐ.டி.காரருக்கு போன் செய்தேன். "அந்த விளக்கு நான் பண்ணது இல்ல, என் ஃபிரண்டு பண்ணது" என்று சொல்லி, உன் பெயரைச் சொன்னேன். அவர் ஆர்வமாக, "அப்ப அவர் நம்பர் குடுங்க சார்" என்றார்.

நீ இல்லை என்று சொன்னேன். "ஐயோ, சாரி சார். அப்ப நீங்களே பண்ணிக் குடுங்க" என்றார். உனக்கு அடுத்துத்தான் நான், நீ இல்லாத இடத்திலும்.

அவருக்கானதைப் பேனாக் குழலில் சுற்றி முடித்துவிட்டேன். ஏழு சுற்று, விளக்கு எரிகிறது. அவர் வண்டியில் மாட்டும்போது, சுற்றியது போக ஒரு முழம் ஒயரை மடித்துக் கட்டத்தான் போகிறேன். நீ குனிந்து பார்த்துக் கேலி செய்ய மாட்டாய் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.